பச்சைப் பெயின்றுக்கு அடியில் ஒரு மஞ்சள் கோடு

போன மாசி மாதம் கிழக்கு ஜேர்மனியில் உள்ள சாக்சனியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். பெயர் லேனா. முப்பது வயதுக்கு மேல் இராது என்று குரலிலேயே தெரிந்தது. கைவிடப்பட்ட ஆலைக் கட்டடம் ஒன்றில் சின்னதாக நெசவு தொடங்கியிருக்கிறாளாம். பழைய தறியில் நெய்த கனத்த துணிதான் வேண்டும் என்று இளசுகள் இப்போது தேடி வாங்குகிறார்களாம். அதற்காக எங்கோ ஒரு கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்த நான்கு தறிகளை வாங்கிப் போட்டிருக்கிறாள். நான்கில் ஒன்றுகூட ஓடவில்லை.

"நீங்கள் இந்தத் தறி ஓட்டினனீங்கள் எண்டு சொல்லிச்சினம். உண்மையோ?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது ஜேர்மன் மொழியில். வுப்பர்டாலுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனாலும் யார் எந்த மொழியில் பேசினாலும் என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

உண்மையோ என்று அவள் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஓய்வு எடுத்ததிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே இரண்டு. முழங்கால் எப்படி, ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வாறியளோ. தறியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு இவரிடம், "நான் சாக்சனிக்குப் போறன்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "இந்த வயசிலயோ?" என்றார். "இந்த வயசிலதான் கூப்பிடுகினம்" என்றேன்.

நான் தறிக்கு முன்னால் வந்து நின்றதற்கு எந்தப் படிப்பும் காரணமில்லை. வுப்பர்டாலில் ரிபன் நெய்யும் ஆலை ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போனேன். ஒருநாள் ஓட்டுகிற பெண் வரவில்லை. "றஞ்சினி, சும்மா பக்கத்தில நில்லுங்கோ" என்றார்கள். நின்றேன். அதற்குப் பிறகு விளக்குமாற்றைத் தொடவில்லை. அந்த ஆலையும் மூடியபோது, மெக்கானிக்காக இருந்த சிவராசா அண்ணையும் நானும் சேர்ந்தே வேறு வேலைக்குப் போனோம். பழைய நெசவு மெசின்களை வாங்கிக் கழற்றி, வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுக்கும் நிறுவனம் அது. அண்ணை பூட்டுவார், நான் ஓட்டிக் காட்டுவேன். பயிற்சிக் காலம் என்று சொல்வதானால் இவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத வேலை. கிழக்கு ஜேர்மனியின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. நன்றாக நெய்யவில்லை என்று மூடியவை என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குச் சரியாக விளங்கப்படுத்தியவர் என் மேலதிகாரி கெர்லாக் அம்மையார். அவர்களுடைய துணியையும் தறியையும் வாங்கிக்கொண்டிருந்தவை சோவியத் நாடுகள். சுவர் விழுந்து, மேற்கின் மார்க் நாணயம் கிழக்குக்கு வந்த அன்றே அந்த நாடுகளால் விலை கொடுக்க முடியாமல் போயிற்று. சாக்சனியில் தறி விற்ற ஆலைக்கு வாங்க ஆளில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அதே தறியில் நெய்துகொண்டிருந்த ஆலைக்கு உதிரிப்பாகம் இல்லை. ஒரே குழாயில் தண்ணீர் குடித்த இரண்டு வீடுகள், குழாயை அடைத்தவுடன் இரண்டும் வறண்டன. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு அது கெர்லாக் அம்மையாரின் முகமாகத்தான் நினைவிருக்கிறது.

ஏனென்றால் நாங்கள் கழற்றப் போன முதல் பெரிய ஆலையே அவருடையது. அவர் அங்கே உற்பத்திப் பொறுப்பாளராக இருந்தவர். அரசாங்கம் ஆலையை விற்றபோது எங்கள் முதலாளி மெசின்களை வாங்கினார். அதோடு அவற்றை அறிந்த ஒரே ஆள் என்று அம்மையாரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். தன் ஆலையைத் தானே கழற்ற வந்த மனுசி. உயரம், ஒல்லி, நீலக் கவரோல் உடுப்பு. அதன் பையில் எப்போதும் ஒரு சின்னத் தகர ரின்னில் மஞ்சள் பெயின்றும் மெல்லிய தூரிகையும் இருக்கும். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். எதையாவது நான் பிழையாகச் செய்தால் "நொக் மால்" என்பார். இன்னொருக்கா என்று அர்த்தம். சரியாகச் செய்தாலும் "நொக் மால்" தான். தற்செயலாகச் சரிவந்ததோ என்று அவருக்குச் சந்தேகம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஜேர்மன்காரர் கண்டவுடன் கை கொடுக்கிறவர்கள். கெர்லாக் அம்மையார் வேலைத்தலத்தில் எவருக்கும் முதலில் கை கொடுக்கமாட்டார். மெசின் ஓடிய பிறகுதான் கொடுப்பார். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்ததைப் பார்த்து நானும் அண்ணையும் திரும்பி நின்று சிரித்திருக்கிறோம்.

அவருடைய முறை இதுதான். ஒரு நட்டைத் தொடும் முன் தறியை ஓட்ட வேண்டும். ஓடும்போது அவர் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்பார், ஒன்றும் எழுதமாட்டார். பிறகு நிறுத்திவிட்டு, இரண்டு பாகங்கள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போடுவார். கோட்டின் பாதி இந்தப் பாகத்தில், பாதி அந்தப் பாகத்தில். பற்சக்கரங்கள் இரண்டு கடித்துக்கொள்ளும் இடத்திலும், கடிக்கும் பல்லிலும் கடிபடும் பல்லிலும் கோடு. கழற்றிய பிறகு ஒவ்வொரு நட்டும் அதனதன் போல்டுக்கே திரும்பப் போக வேண்டும், வாளியில் கொட்டினால் தொலைந்தீர்கள். உலகத்தின் எந்த மூலையில் திரும்பப் பூட்டினாலும், பாதிக் கோடும் பாதிக் கோடும் சேர்ந்து ஒரே கோடாக வந்தால் தறி ஓடும். இப்போது லேசர் வைத்து ஆலை முழுவதையும் கணினிக்குள் ஏற்றுகிறார்களாம். நல்லது. எங்களுக்கு ஒரு ரின் பெயின்ற் போதுமாக இருந்தது.

அந்த முதல் கிழமையில் நான் வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "உங்கட ஆலையை நீங்களே கழட்டுறது கவலையா இல்லையோ?"

"கவலைப்படுறதெண்டால் வீட்டில இருந்து படலாம்" என்றார். "இஞ்ச கோடு போடுவம்."

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தன் ஆலைத் தறிகள் உருக்குலைக்குப் போகக் கூடாது, எங்காவது ஓட வேண்டும். பாதிக்கு மேல் போய்விட்டன. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், லைப்சிக்குக்கு வெளியே ஒரு வாடகை மண்டபத்தில் கடைசியாக இருபது சொச்சம் தறிகள் மட்டும் மிஞ்சி நின்றன. மண்டபத்தின் ஒப்பந்தம் முடியப்போகிறது, அதற்குள் விற்காவிட்டால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல ஏலாது, எத்தனை வருடம் வாடகை கட்டுவார்.

அப்போதுதான் கிர்கிஸ்தானிலிருந்து கேட்டு வந்தார்கள். ஒரு சின்ன நகரம். அங்கேயும் சோவியத் காலத்து ஆலை ஒன்று இருந்தது, எங்கள் தறியேதான். தனியாருக்கு விற்றபோது வாங்கியவன் மெசின்களையெல்லாம் இரும்பு விலைக்கு எல்லை தாண்டி அனுப்பிவிட்டுப் போய்விட்டான். வேலை இழந்த பெண்கள் சேர்ந்து வெறும் கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு, பள்ளிக்கூடச் சீருடைத் துணி நெய்ய வேண்டும். தறி இல்லை. ஜேர்மனியின் அபிவிருத்தி வங்கி ஒன்று கடன் கொடுக்கத் தயார். ஆனால் வங்கியின் விதி, புது மெசினுக்குத்தான் கடன்.

அந்த விதியை வளைக்க வங்கிக்குள்ளேயே ஒருவர் சண்டை பிடித்திருக்கிறார். ஃபோக்ட் என்று பெயர், மெலிந்த மனிதர், எந்நேரமும் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். "நாங்கள் புது மெசின் குடுத்த ரெண்டு ஆலையைப் போய்ப் பாத்தனான்" என்று எங்களுக்குச் சொன்னார். "ரெண்டும் நிக்குது. ஒரு சின்ன மின்தகடு பழுதானால் இஞ்சயிருந்துதான் போகவேணும், யூரோவில காசு கட்டவேணும். கடனும் ஏறுது, மெசினும் நிக்குது. பழசைத் திருத்த அங்க ஆள் இருக்கு." அவருக்குக் கிடைத்தது ஒரு விதிவிலக்கு, ஒரே ஒரு நாள். வாங்குபவர்களின் ஆள் வந்து தறியைப் பார்த்து ஏற்றுக்கொண்டால் அவர் அன்றே கையெழுத்திடலாம். இல்லையென்றால் அத்தோடு சரி, பழைய மெசின் என்ற பேச்சையே இனி அலுவலகத்தில் எடுக்க விடமாட்டார்கள்.

ஆறு தறிகளைப் பூட்டி நிறுத்தி, ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தோம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை காலை வந்து கதவைத் திறந்தால் ஆறும் பச்சைப் பசேலென்று பளபளக்கின்றன. முதலாளி சனி, ஞாயிறில் பெயின்ற்காரரைக் கூப்பிட்டு அடித்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. கலியாணவீடு மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் நாங்களும் சுவருக்கு ஒரு பூச்சுப் பூசுகிறவர்கள்தானே. கெர்லாக் அம்மையார் ஆறையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கோடுகள் எங்க?" என்று மட்டும் கேட்டார். முதலாளி பதில் சொல்லும் முன் வெளியே கார் வந்து நின்றுவிட்டது.

ஃபோக்டுடன் இறங்கியவள் ஐனூரா. அந்தப் பெண்களின் தலைவி, முன்பு அதே ஆலையில் தறி மேற்பார்வை செய்தவள். குட்டை உருவம், பின்னால் முடிந்த தலைத்துண்டு, கனத்த கோட். முதலாளி கையை நீட்டினார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நேரே முதலாவது தறிக்குப் போய், அடிச்சட்டத்தின் மூலையில் பெருவிரல் நகத்தால் சுரண்டினாள். நகத்தில் ஒட்டிய பச்சையைப் பார்த்தாள், மூக்கில் வைத்து மணந்தாள், கோட்டில் துடைத்தாள். பிறகு ரஷ்ய மொழியில் ஒரு சொல் சொன்னாள்.

எங்களில் ரஷ்யன் தெரிந்தவர் கெர்லாக் அம்மையார்தான். "வேண்டாமாம்" என்றார்.

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "புதுப் பெயின்ற் அடிச்சு வடிவாத்தானே வச்சிருக்கு" என்றார்.

அம்மையார் அதை மொழிபெயர்த்தார். ஐனூரா பேசத் தொடங்கினாள், நிறுத்தவில்லை. ஒருமுறை இப்படித்தான் பளபளவென்று தறிகள் காட்டினார்களாம். எல்லாப் பெண்களும் கையில் இருந்ததைப் போட்டு வாங்கினார்கள். பெயின்றைச் சுரண்டினால் உள்ளே வெடித்த வார்ப்பிரும்பு, வெவ்வேறு மெசினிலிருந்து பொறுக்கிய சக்கரங்கள். "எங்கட ஊரில புதுப் பெயின்ற் அடிக்கிறவன் கள்ளன்" என்றாள். அம்மையார் இதையும் ஒரு சொல் விடாமல் முதலாளிக்கு மொழிபெயர்த்தார்.

ஃபோக்ட் தொண்டையைச் செருமினார். "நான் பின்னேர ரெயினில போறன்" என்றார். "அவ ஓம் எண்டாத்தான் நான் எழுதலாம்."

 இருபது தறியும் நாளைக்கு இரும்புக்காரனின் லொறியில் ஏறுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கெர்லாக் அம்மையார் மட்டும் அவசரப்படவில்லை. ஐனூராவிடம் போய், "எதைக் கழட்ட? நீங்களே காட்டுங்கோ" என்றார்.

ஐனூரா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஆகக் கடைசியில், மூலையில் நின்ற தறியைக் காட்டினாள்.

"றஞ்சினி, தின்னர்" என்றார் அம்மையார்.

நான் ஓடினேன். அந்த வயதில் ஓடலாம். பெயின்றைக் கரைக்கும் தின்னரும் துணிக்கந்தையுமாக நானும் சிவராசா அண்ணையும் துடைக்கத் தொடங்க, அம்மையார் கவரோல் கையை மடித்துக்கொண்டு மற்றப் பக்கம் குனிந்தார். மணம் மண்டபமெங்கும் ஏறியது. இன்னும் இறுகாத பச்சை கரைந்து வழிய, உள்ளேயிருந்து வருடக்கணக்கில் இறுகிய பழைய சாம்பல் நிறம் வந்தது. பிறகு முதல் மஞ்சள் கோடு வந்தது. ஐனூரா கிட்ட வந்து குனிந்தாள். இன்னொரு கோடு, இன்னொன்று. அம்மையார் அது என்ன என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, தொழில் தெரிந்த ஆளுக்கு எதற்கு விளக்கம்.

தறிக்கு முன்னால் ஓட்டுகிறவள் சாய்ந்து நிற்கும் சட்டத்தை நான் துடைத்தேன். அங்கே இரும்பு கண்ணாடி மாதிரி மினுங்கியது. எத்தனையோ பெண்கள் எத்தனையோ வருடம் வயிற்றை வைத்துச் சாய்ந்து தேய்ந்த இடம். ஐனூரா அதில் கையை வைத்துப் பார்த்தாள். "தேய வேண்டிய இடத்திலதான் தேஞ்சிருக்கு" என்றாள். அவளுடைய குரல் அப்போதுதான் முதன்முதலாக இறங்கியது.

ஆனால் இன்னும் ஓம் சொல்லவில்லை. பக்கவாட்டைத் திறந்து, நாடாவை அடிக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் பற்சக்கரங்களைக் கழற்றச் சொன்னாள். நாடா என்றால் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் பறக்கும் மரக்கட்டை. அது பாவு நூல்கள் திறந்திருக்கும் கண நேரத்துக்குள் மறுகரை சேர வேண்டும். ஒரு பல் பிசகினால் நடுவில் அகப்பட்டு நூலையெல்லாம் அறுத்துப்போடும். அண்ணை கழற்றினார், அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள், வெடிப்பில்லை. திரும்பப் பூட்ட வெளிக்கிட்டபோதுதான் வினை தெரிந்தது. மற்ற இடங்களில் கோடு இருந்ததால் இதிலும் இருக்கும் என்று பாராமல் கழற்றிவிட்டோம், பெயின்ற்காரனோ அந்தச் சக்கரத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறான். கோடு இல்லை.

"இந்தப் பல்லோ, பக்கத்துப் பல்லோ தெரியேல்ல" என்று அண்ணை எனக்குத் தமிழில் முணுமுணுத்தார்.

"ஒண்டில வச்சுப் பூட்டுங்கோ அண்ணை" என்றேன். பூட்டினார். நான் ஓட்டினேன். நாடா பாதி வழியில் அகப்பட்டு, ஒரு கைப்பிடி நூல் படபடவென்று அறுந்தது.  முதலாளி வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார்.

"நொக் மால்" என்றார் கெர்லாக் அம்மையார்.

நான் அறுந்த நூல்களை முடியத் தொடங்கினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு கைகள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. ஐனூரா தன் கனத்த குளிர்க் கோட்டைக் கழற்றிவிட்டிருந்தாள். முடிந்ததும் அவளே பெரிய சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். அம்மையார் அந்தப் பக்கம் நாடாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் ரஷ்ய மொழியில் ஒற்றைச் சொற்களாகப் பேசிக்கொண்டார்கள். கொஞ்சம். இல்லை. இன்னும் கொஞ்சம். நில். ஐனூரா கையை நீட்டினாள். அம்மையார் தன் பையிலிருந்து தூரிகையை எடுத்து அதில் வைத்தார். ஐனூரா பல்லுக்குப் பல் சேர்த்து, குறுக்கே ஒரு மஞ்சள் கோடு இழுத்தாள்.

அண்ணை பூட்டினார். நான் பிடியை இழுத்தேன்.

எப்படிச் சொல்வது அந்தச் சத்தத்தை. டடக் டடக் டடக் என்று நிலம் அதிர, துணி முன்னால் வளரத் தொடங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணை ஸ்பானரால் தன் தொடையில் தாளம் போட்டார். ஐனூரா என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு அந்த மினுங்கும் சட்டத்தில் சாய்ந்து நின்றாள். ஊடை அறுந்தது, கண் இமைக்கும் முன் மாற்றினாள், ஓட்டினாள்.

ஃபோக்ட் காதை மூடிக்கொண்டு கத்திக் கேட்டார். "அங்க கரண்ட் போனால்?"

அம்மையார் மொழிபெயர்க்க, ஐனூரா திரும்பாமலே சொன்னாள். "போனால் நிக்கும். வந்தால் ஓடும். புது மெசின் கரண்ட் வந்தாலும் ஓடாது."

ஃபோக்ட் தறிச் சட்டத்திலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டார். கையெழுத்து ஆடி ஆடித்தான் விழுந்தது. கெர்லாக் அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு ஐனூராவின் முன்னால் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஒரு நிபந்தனை வைத்தாள். மற்ற ஐந்து தறியின் பெயின்றையும் கழற்றித் தரவேண்டும். கழற்றினோம். வீட்டில் இவர் பல நாள் தின்னர் மணத்தோடு படுக்க ஏலாதென்று போய் வரவேற்பறையில் படுத்தார். பிறகு நாங்கள் கிர்கிஸ்தான் போய் எல்லாவற்றையும் பூட்டி நிறுத்தினோம். ஐனூரா அங்கே அழிந்த கோடுகளை எல்லாம் புதுசாகப் போட்டு வைத்திருக்கிறாள் என்று பிறகும் அடிக்கடி கெர்லாக் அம்மையார் போனில் சொல்லக் கேட்பேன். இன்றைக்கும் அந்தத் தறிகள் ஓடுகின்றன.

அதனால்தான் லேனா போன் எடுத்தபோது, "நான் வாறன், ஆனால் உங்களுக்குச் சரியான ஆள் நானில்லை" என்றேன். ஜேர்மனியில் இந்தத் தறியைத் திறந்து நேரம் வைக்க இப்போது ஆளில்லை. சிவராசா அண்ணை காலமாகிவிட்டார். கெர்லாக் அம்மையாருக்குக் கண் சரியாகத் தெரியாது. கிர்கிஸ்தானிலிருந்து நிபுணர் ஒருவரை வரவழைக்க வேண்டும் என்று லேனா விசாவுக்கு எழுதிக் கொடுத்தாள். யாரை யார் அபிவிருத்தி செய்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அன்ட்ராக், டெர்மின் என்று விண்ணப்பமும் தவணையுமாக இழுபட்டு, போன மாதம் ஐனூரா வந்து இறங்கினாள். தலைத்துண்டுக்குள் முடி முழுவதும் வெள்ளை. கெர்லாக் அம்மையாரும் ஊன்றுகோலோடு வந்தார்.

லேனா மண்டபக் கதவைத் திறந்தாள். நான்கு தறிகளும் மயில்நீலத்தில் பளபளத்தன.

லேனா முகமெல்லாம் மகிழ்ச்சியாகக் கையை நீட்டினாள். ஐனூரா அவளைக் கடந்து மூலைத் தறிக்குப் போனாள், பெருவிரல் நகத்தால் சுரண்டினாள், மணந்தாள்.

"நிறம் பிடிக்கேல்லையோ?" என்று லேனா என்னிடம் இரகசியமாகக் கேட்டாள்.

கெர்லாக் அம்மையார் என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்கும் முன் நான் பையிலிருந்து தின்னர் ரின்னை எடுத்து நிலத்தில் வைத்துவிட்டேன். "வடிவாப் பெயின்ற் அடிச்சு வச்சிருக்கிறன்" என்று லேனா முந்தின நாள் போனில் சொன்னபோதே வாங்கி வைத்தது. கந்தையைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தேன், லேனாவுக்கும் ஒன்று.

நீட்டிய அந்தக் கையை ஐனூரா பிடித்தது பின்னேரம், நாலாவது தறியும் ஓடத் தொடங்கிய பிறகுதான்.